நம்மைப் போல் அல்லாதவர்கள்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் பிலிப்பைன்ஸின் மாகிலிங் மலையைப் பற்றி எழுதியபோது, அங்குள்ள காட்டு ஆவிகளான 'எங்காந்தோ'க்களின் கதைகள் பறக்கும் தட்டுக் கதைகளோடு ஒத்துப்போகின்றன என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்து போயிருந்தேன். மலையை விட்டுவிட்டு அந்த ஒரு வரியைத்தான் வாசகர்கள் பிடித்துக்கொண்டார்கள் என்பதை வந்து குவிந்த கடிதங்கள் காட்டுகின்றன. ஆகவே இம்மாதப் பகுதி முழுவதும் அதற்கே.

கேள்வி: ஐயா, நான் சரக்குக் கப்பலில் பணிபுரிகிறேன். உடன் பணியாற்றுபவர்களில் பலர் பிலிப்பைன்ஸ்காரர்கள். ஒருமுறை பத்தாங்காஸ் துறைமுகத்துக்கு வெளியே நடந்துகொண்டிருந்தபோது, எங்கள் கப்பலின் சமையற்காரர் சிறுநீர் கழிக்கப் புதரோரம் ஒதுங்கினார். ஒதுங்குவதற்கு முன் 'தாபி-தாபி போ' என்று யாரிடமோ அனுமதி கேட்பதுபோல் முணுமுணுத்தார். அங்கே ஒருவரும் இல்லை. விசாரித்தபோது, "எங்காந்தோவிடம் சொன்னேன். அமெரிக்கர்கள் வேற்றுக்கிரகவாசி என்று சொல்வதும் அவர்களைத்தான்" என்றார். அவர் சொன்னது சரியா?
– கப்பல் பணியாளர் ஒருவர், தூத்துக்குடி

பதில்: உங்கள் நண்பர் சொன்ன இரண்டில் முதலாவது நாட்டு வழக்கம், அதில் சரி தவறு பார்க்க ஒன்றுமில்லை. இரண்டாவது பாதி சரி என்பது என் கருத்து. அந்தப் பாதி எது என்பதைத் தொடர்ந்து வரும் கேள்விகளில் பார்க்கலாம்.

தகலோக் மொழியில் 'தாபி' என்றால் ஓரம், பக்கம். 'தாபி-தாபி' என்று இரட்டித்துச் சொன்னால் "கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளுங்கள், நான் வருகிறேன்" என்று பொருள். 'போ' என்பது தமிழ்க் காதுக்கு விரட்டுவதுபோல் ஒலித்தாலும், அது மரியாதைச் சொல். "வாங்க", "சொல்லுங்க" என்பவற்றின் கடைசியில் நாம் ஒட்டும் 'ங்க' செய்கிற வேலையைத்தான் அது செய்கிறது. பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் பேசும்போது பயன்படுத்தும் அதே 'போ'வைப் புதரிலும் மண்மேட்டிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாதவர்களிடமும் பயன்படுத்துகிறார்கள். புதரோரம் ஒதுங்கும் ஒருவர் முதலில் அஞ்சுவது 'நூனோ சா புன்சோ'வை, அதாவது புற்றுமேட்டில் வாழும் குள்ளக் கிழவரை. 'நூனோ' என்பதற்கு முன்னோர், பாட்டன் என்றே பொருள். புற்றை உதைத்தவன் கால் வீங்கும் என்றும், அதன்மேல் சிறுநீர் கழித்தவனுக்கு எந்த உறுப்பு குற்றம் செய்ததோ அந்த உறுப்பே வீங்கும் என்றும் சொல்வார்கள். தண்டனை இவ்வளவு துல்லியமாக இருக்கும்போது, இரண்டு சொல் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போவதில் நட்டம் ஒன்றுமில்லை.

கிழவர் இக்கூட்டத்தில் ஒருவர் மட்டுமே. பெரிய மரத்தின் கிளையில் உட்கார்ந்து சுருட்டுப் புகைக்கும் கரிய பூதம் 'காப்ரே'. குதிரைத் தலையும் மனித உடலும் கொண்டு, காட்டில் நடப்பவரைச் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துவது 'திக்பாலாங்'. அதற்கு மாற்று, சட்டையைக் கழற்றி உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டுக்கொள்வது. இவர்களுள் எங்காந்தோ மனிதருக்கு மிக நெருங்கியவர். ஆணாகவும் பெண்ணாகவும் இருப்பார். பலேத்தே எனப்படும் ஆல இன மரத்திலோ பாறையிலோ ஊற்றிலோ குடியிருப்பார். நம் கண்ணுக்கு மரமாகத் தெரிவது அவர் கண்ணுக்கு மாளிகை. மனிதர்மேல் ஆசைப்படுவார், அழைத்துச் செல்வார், சில வேளை திருப்பி அனுப்புவார். செபு மொழி பேசுபவர்கள் இவர்களின் பெயரைச் சொல்லவே தயங்கி, 'டிலி இங்ஙொன் நாத்தோ' என்பார்கள்: 'நம்மைப் போல் அல்லாதவர்கள்.' வேற்றுக்கிரகவாசியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் மூலத்துக்கும் 'பிறருக்கு உரியவர், அயலார்' என்பதே பொருள். உங்கள் சமையற்காரர் அகராதியைப் பார்க்காமலே அங்கே வந்து சேர்ந்திருக்கிறார்.

கேள்வி: எங்காந்தோ கதைகளும் பறக்கும் தட்டுக் கதைகளும் ஒத்துப்போகின்றன என்று நீங்கள் குறிப்பிட்டது மேலோட்டமான ஒற்றுமையா, அல்லது ஆய்வாளர்கள் எவரேனும் முறையாக ஒப்பிட்டிருக்கிறார்களா?
– கல்லூரி ஆசிரியை, கோயம்புத்தூர்

பதில்: 1969ஆம் ஆண்டு இவ்விஷயத்தில் ஒரு விந்தையான ஆண்டு. பிரான்சில் பிறந்த வானியலாளரும் கணினி அறிஞருமான ஜாக் வல்லே, ஐரோப்பாவின் வன தேவதைக் கதைகளையும் தம் காலத்துப் பறக்கும் தட்டுச் சாட்சியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை என்று வாதிட்ட நூலை வெளியிட்டது அந்த ஆண்டில்தான். அதே ஆண்டில், தெற்கு பிலிப்பைன்ஸின் மிந்தனாவோ தீவில் உள்ள ககயான் தே ஓரோ நகரில் சேவியர் பல்கலைக்கழகத்தில் நாட்டார் வழக்காறுகளைத் திரட்டிவந்த ஏசுசபைத் துறவி பிரான்சிஸ்கோ தெமெத்ரியோ, எங்காந்தோ நம்பிக்கைக்குப் பொருள் காணும் ஆய்வுக் கட்டுரை ஒன்றை ஆசிய நாட்டார் வழக்காற்றியல் இதழில் வெளியிட்டார். தெமெத்ரியோவுக்குப் பறக்கும் தட்டில் அக்கறை இல்லை. எங்காந்தோவால் அழைத்துச் செல்லப்பட்டுத் திரும்பியவரின் அனுபவம், பூசாரியாகவோ மருத்துவராகவோ மாறப்போகிறவர் கடந்து வரும் தீட்சையை ஒத்திருப்பதே அவரை ஈர்த்தது. இருவரையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்குத் திகைப்பு வரத்தான் செய்யும்.

முதலில் உணவை எடுத்துக்கொள்ளுங்கள். எங்காந்தோவின் மாளிகையில் விருந்து வைப்பார்கள். கறுப்புச் சோறு பரிமாறப்படும். ஒரு பிடி உண்டாலும் திரும்பி வர முடியாது. ஆவிகளுக்குப் படைக்கும் உணவிலும் பிலிப்பைன்ஸின் பல பகுதிகளில் உப்புச் சேர்ப்பதில்லை, ஏனெனில் உப்பு அவர்களை விரட்டும். இப்போது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்கு வாருங்கள். 1961 ஏப்ரல் 18 அன்று ஈகிள் ரிவர் என்ற சிற்றூரில் கோழி வளர்த்துவந்த ஒருவரின் முற்றத்தில் வெள்ளிநிறத் தட்டு ஒன்று வந்து மிதந்ததாம். உள்ளே இருந்தவர்கள் ஒரு குடுவையை நீட்டித் தண்ணீர் கேட்டார்கள். இவர் நிரப்பிக் கொடுத்தார். பதிலுக்கு அவர்கள் தங்கள் அடுப்பில் சுட்ட சில அடைகளைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இவர் ஒன்றைத் தின்று பார்த்து, அட்டையைத் தின்பதுபோல் இருந்தது என்றார். அமெரிக்க விமானப்படை ஓர் அடையைச் சோதனைக்கு அனுப்பியது. மாவும் தவிடும் கொழுப்பும் சேர்ந்த, பூமியிலேயே செய்யக்கூடிய சாதாரண அடை என்று முடிவு வந்தது. வல்லே இந்த அடைகளைத்தான் அயர்லாந்துக் குன்றுகளில் வாழும் கண்ணுக்குத் தெரியாத மக்கள் மனிதருக்குத் தரும் பலகாரங்களுக்குப் பக்கத்தில் வைத்தார். வானத்திலிருந்து வந்தவர்கள் பொன்னும் மணியும் தராமல் ருசியற்ற அடையைக் கொடுத்தார்கள் என்பதே, என்னைப் பொறுத்தவரை, அம்மனிதர் பொய் சொல்லவில்லை என்று எண்ணத் தூண்டுகிறது. பொய் சொல்பவர் இதைவிட நல்ல பண்டத்தைக் கற்பனை செய்திருப்பார். உண்மையில் என்ன நடந்தது என்பது வேறு கேள்வி.

அடுத்தது தொலைந்துபோன நேரம். எங்காந்தோவிடம் போய் வந்தவர் சில மணி நேரமே அங்கிருந்ததாக நினைப்பார். வீட்டார் பல நாள் தேடியிருப்பார்கள். கடைசியில் மரக்கிளையிலோ ஆற்றங்கரையிலோ பேச்சற்று அமர்ந்திருக்கக் கண்டெடுப்பார்கள். 1961 செப்டம்பர் 19 இரவு நியூ ஹாம்ப்ஷயர் மலைச்சாலையில் காரில் வந்த பெட்டி ஹில், பார்னி ஹில் தம்பதியர் வீடு சேர்ந்தபோது ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குக் கணக்கில்லை. பின்னர் 1964இல் பாஸ்டன் மனநல மருத்துவர் பெஞ்சமின் சைமன் அவர்களை அறிதுயிலில் (ஹிப்னாடிசம்) ஆழ்த்தியபோதுதான் தட்டுக்குள் அழைத்துச் செல்லப்பட்டுப் பரிசோதிக்கப்பட்ட கதை விரிவாக வெளிவந்தது. பெட்டி கண்ட கனவுகளே கணவரின் நினைவிலும் கலந்துவிட்டன என்பது சைமனின் முடிவு. ஆனால் அம்மருத்துவரின் முடிவைவிடத் தம்பதியரின் கதைதான் உலகெங்கும் பரவியது.

மூன்றாவது ஊர்தி. செபு தீவின் அர்காவோ ஊருக்கு மேலே இருக்கும் லாந்தோய் மலையின் குகையில் மரியா ககாவ் என்ற பெண் தெய்வம் வசிப்பதாகவும், தன் தோட்டத்துக் ககாவ் (கொக்கோ) விதைகளை விற்பதற்குப் பொன்னாலான கப்பலில் ஆற்றின் வழியே கடலுக்குப் போய் வருவதாகவும் நம்பிக்கை. பெருமழையில் பாலம் உடைந்தால், அவள் கப்பலின் பாய்மரம் இடித்தது என்பார்கள். காலத்துக்கு ஏற்ற ஊர்தி கதையில் நுழைவதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது: மெக்சிகோவிலிருந்து ஸ்பானியர் கொண்டுவந்த பயிர் அவள் தோட்டத்தில் விளைகிறது, கடல் வணிகக் காலத்துக் கப்பலில் அவள் பயணம் போகிறாள்.

கடைசியாகக் காதல். எங்காந்தோ மனிதரோடு கூடிப் பிள்ளை பெறுவது இக்கதைகளில் சர்வசாதாரணம். 1957இல் பிரேசில் நாட்டு விவசாயி ஒருவர், தட்டிலிருந்து இறங்கியவர்கள் தம்மை இழுத்துச் சென்றதாகவும், அங்கே வெளிர்நிறக் கூந்தல் கொண்ட பெண்ணொருத்தி தம்மோடு கூடிவிட்டுத் தன் வயிற்றையும் வானத்தையும் சுட்டிக்காட்டிப் போனதாகவும் சொன்னார். கூந்தலின் நிறம் உள்பட இது எங்காந்தோ கதைதான். மரத்துக்குப் பதில் தட்டு.

கேள்வி: எங்காந்தோ உயரமாக, வெள்ளை நிறத்தில், பொன்னிற முடியும் நீலக் கண்ணுமாக இருப்பார் என்று படித்தேன். பிலிப்பைன்ஸ் மக்களின் காட்டு ஆவி ஏன் ஐரோப்பியரைப் போல் இருக்க வேண்டும்?
– அரசு ஊழியர், திருநெல்வேலி

பதில்: இந்தக் கேள்வி வரவேண்டுமே என்று காத்திருந்தேன். பெயரிலேயே விடை இருக்கிறது. 'எங்காந்தோ' என்பது 'மாயம், மயக்கு' என்று பொருள்படும் ஸ்பானியச் சொல்லின் மருவு. ஸ்பானியர் 1565 முதல் 1898 வரை அந்நாட்டை ஆண்டார்கள். அதற்கு முன்னரும் மரத்திலும் மலையிலும் ஆவிகள் இருந்தன; லூசோன் தீவில் அவை 'அனிதோ', விசயாஸ் தீவுகளில் 'திவாத்தா'. இந்த 'திவாத்தா' வேறெதுவுமில்லை, நாம் 'தேவதை' என்று சொல்லும் அதே வடசொல், மலாய்-சாவகக் கடல்வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது. (பிலிப்பைன்ஸ் பொறியாளர்கள் ஜப்பானியப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து உருவாக்கி 2016இல் விண்ணில் விடப்பட்ட அந்நாட்டின் முதல் சிறு செயற்கைக்கோளுக்கும் 'திவாத்தா-1' என்றுதான் பெயர். மரத்திலிருந்த தேவதை வானுக்குப் போய்விட்டாள் என்று வேற்றுக்கிரகக் கட்சியினர் மகிழலாம்.)

ஸ்பானியர் வந்தபின் பெயர் மாறியது. பெயரோடு முகமும் மாறியது. பாதிரியாரும் பண்ணை முதலாளியும் கப்பல் தலைவனும் வெள்ளை நிறத்தவர்கள்; கேட்டதைக் கொடுக்கவும் நினைத்ததைப் பறிக்கவும் வல்லவர்கள். காட்டில் வாழும் அளவிறந்த சக்தி கொண்டவருக்கும் அவர்களின் முகமே வாய்த்தது. ஆனால் மக்கள் ஒரு குறியை விட்டுவைத்தார்கள்: எங்காந்தோவுக்கு மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே உள்ள பள்ளம் இருக்காது. அழகான அந்நியர் ஒருவர் சந்தையிலோ திருவிழாவிலோ வந்து இனிமையாகப் பேசினால், மூத்தவர்கள் கண்ணைப் பார்க்கமாட்டார்கள். மீசை முளைக்கும் அந்த இடத்தைப் பார்ப்பார்கள். அங்கே வழவழவென்று இருந்தால் நைசாகக் கழன்றுகொள்ள வேண்டியதுதான்.

மறுபக்கம் காப்ரே. இச்சொல் அரபியில் 'நம்பிக்கையற்றவர்' என்பதைக் குறிக்கும் 'காஃபிர்' என்பதிலிருந்து பிறந்து, போர்த்துகீசிய, ஸ்பானிய வாய்களில் ஆப்பிரிக்கக் கறுப்பினத்தவரைக் குறிக்கும் சொல்லாகிப் பிலிப்பைன்ஸை அடைந்தது. அங்கே அது சுருட்டுப் புகைக்கும் மரப்பூதமாயிற்று. இதே சொல் கொச்சியிலும் இறங்கியது. 1663இல் டச்சுக்காரர்களிடம் கொச்சியை இழந்த போர்த்துகீசியர், தம் செல்வத்தைச் சுவர்களுக்குள் புதைத்து, அதற்குக் காவலாக ஆப்பிரிக்க அடிமைகளைக் கொன்று உடன் புதைத்துவிட்டுப் போனார்கள் என்கிறது அவ்வூர்க் கதை. அந்த அடிமையின் ஆவிதான் மட்டாஞ்சேரியில் இன்றும் வழிபடப்படும் காப்பிரி முத்தப்பன். அவருக்குப் படைப்பது கள்ளும் சுருட்டும். ஒரே சொல், ஒரே சுருட்டு, இரண்டு கடற்கரைகள். இரண்டிலும் ஐபீரிய (ஸ்பானிய, போர்த்துகீசிய) கப்பல்கள் வந்து போயிருக்கின்றன.

ஆகவே ஆவிகள் ஆட்சி செய்தவர்களின் முகத்தையும் அடிமைகளின் முகத்தையும் எடுத்துக்கொண்டன. 1947 ஜூன் 24 அன்று கென்னத் அர்னால்டு என்ற விமானி ரெய்னியர் மலையருகே ஒன்பது பொருட்கள் பறப்பதைக் கண்டதாகச் சொன்ன பிறகு அமெரிக்கரை ஆட்கொண்ட பறக்கும் தட்டுக்காரர்களும் அப்படியே. அணுகுண்டும் ஏவுகணையும் ஆய்வுக்கூடமும் அதிகாரம் செலுத்திய காலத்தில், வந்தவர்கள் ஆய்வுக்கூட மேசையோடும் ஊசியோடும் வந்தார்கள்.

கேள்வி: பிரிங்ஙான் என்ற மாய நகரம் உண்மையா? இணையத்தில் படம்கூடப் பார்த்தேன்.
– பள்ளி மாணவர், மதுரை

பதில்: நீங்கள் பார்த்தது வரைந்த படம், தம்பி. சாமார் தீவில் கால்பாயோக், காந்தாரா, பக்சாங்ஙான் ஆகிய ஊர்களுக்கு நடுவே எங்கோ எங்காந்தோக்களின் பெருநகரம் ஒன்று இருப்பதாக அத்தீவு மக்கள் சொல்கிறார்கள். இரவில் மீன்பிடிக்கப் போகிறவர்கள், ஊரே இல்லாத கரையில் வானளாவிய கட்டடங்கள் விளக்கொளியோடு மின்னுவதைக் கண்டதாகச் சொல்வார்கள். விலையுயர்ந்த இயந்திரங்கள் 'பிரிங்ஙான், சாமார்' என்ற முகவரியோடு துறைமுகத்துக்கு வந்து, வாங்க ஆளில்லாமல் கிடந்ததாகவும் கதை உண்டு. வரைபடத்தில் இல்லாத ஊருக்குச் சரக்கு வந்து இறங்குவது, வறுமை மிகுந்த ஒரு தீவு தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் கதை என்று எனக்குப் படுகிறது.

கேள்வி: நான் செவிலியராகப் பணிபுரிகிறேன். இரவில் விழிப்பு வந்தும் உடல் அசையாமல், மார்பின்மேல் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் உணரும் நிலையை வைத்தே இக்கதைகள் எல்லாவற்றையும் விளக்கிவிடலாம் அல்லவா?
– வாசகி, வேலூர்

பதில்: ஒரு பகுதியை நன்றாகவே விளக்கலாம். கனவு காணும் உறக்கத்தில் உடல் தசைகள் செயலற்றிருப்பது இயற்கை. மூளை விழித்துத் தசைகள் விழிக்காத சில நொடிகளில், அறையில் யாரோ இருப்பதான உணர்வும், மார்பில் பாரமும், மூச்சுத்திணறலும், சில சமயம் கண்ணெதிரே உருவமும் தோன்றும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் இதற்கு அமுக்குவான் பேய் என்று பெயர். வடக்கு லூசோனின் இலோகானோ மக்கள் இதைச் செய்பவளை 'பதிபாத்' என்கிறார்கள். அவள் மரத்தில் வாழும் பருத்த கிழவி. மரத்தை வெட்டி வீட்டுத் தூணாக நட்டால், அவளும் தூணோடு வந்துவிடுவாள். தூணருகே படுப்பவன் மார்பின்மேல் ஏறி உட்காருவாள். தப்பிக்க வழி, கட்டைவிரலைக் கடிப்பது அல்லது கால்விரலை அசைப்பது. இது மருத்துவ அறிவோடும் ஒத்துப்போகிறது: எங்கேனும் ஒரு சிறு தசை அசைந்துவிட்டால் அந்நிலை கலைந்துவிடுவது உண்டு. அமெரிக்காவில் இதே அனுபவத்தைப் பெற்றவர்களில் சிலர் கட்டிலைச் சுற்றிச் சாம்பல்நிறக் குள்ளர்கள் நின்றதாகச் சொன்னார்கள்.

பிலிப்பைன்ஸில் இதற்கு இன்னொரு கொடிய முகமும் இருக்கிறது. திடகாத்திரமான இளைஞர்கள் உறக்கத்தில் முனகியபடியே இறந்துபோவதை அங்கே 'பாங்ஙுங்ஙோத்' என்பார்கள். இவ்வகை மரணங்களில் பல, 1992இல் விவரிக்கப்பட்ட புருகடா நோய்க்குறியோடு, அதாவது இதயத்தின் மின்னோட்ட ஒழுங்கைக் குலைக்கும் மரபுக் கோளாறோடு, தொடர்புடையவை என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. இப்படிப்பட்ட மரணம் நிகழ்ந்த குடும்பத்தினருக்கு இதய மின்வரைபடம் எடுத்துப் பார்ப்பது அவசியம் என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் உறக்கத்தை வைத்து எல்லாவற்றையும் விளக்க முடியாது. அடை வாங்கிய மனிதர் பகற்பொழுதில், விழித்த நிலையில்தான் இருந்தார். எங்காந்தோ தீண்டியவர்களும் வயலில், ஆற்றில், பள்ளிக்கூட வழியில் தீண்டப்பட்டவர்கள். அவர்களை 'அல்புலார்யோ' எனும் நாட்டு வைத்தியரிடம் அழைத்துச் செல்வார்கள். அவர் படிகாரக் கட்டியை எடுத்து நோயாளியின் நெற்றியிலும் மார்பிலும் சிலுவைக் குறியிட்டுவிட்டு அதைத் தணலில் போடுவார். படிகாரம் பொரிந்து உப்பி ஓர் உருவமாக இறுகும். ஒரு மூலையில் கூம்பாக எழுந்தால் புற்றுமேட்டுக் கிழவர். நெடிய உருவமாக நின்றால் எங்காந்தோ. "போன வாரம் எங்கே போனாய்? எந்த மரத்தை வெட்டினாய்?" என்று வைத்தியர் கேட்க, நோயாளி யோசித்து யோசித்துச் சொல்வார். கேள்வியும் பதிலுமாக நடக்கும் அந்த அரைமணி நேரத்தில், பெயரற்றிருந்த நோவுக்கு ஓர் இடமும் ஒரு காரணமும் கிடைத்துவிடுகின்றன. அறிதுயில் நிபுணரின் நாற்காலியில் நடப்பதும் ஏறத்தாழ இதுவே. அங்கே படிகாரம் இல்லை, அவ்வளவுதான்.

கேள்வி: ஒரே நிகழ்வை ஒருவர் ஆவி என்றும் மற்றவர் வேற்றுக்கிரகவாசி என்றும் கண்டதற்கு நேரடிச் சான்று உண்டா?
– வழக்கறிஞர், சென்னை

பதில்: பிலிப்பைன்ஸிலிருந்து இல்லை, ஆப்பிரிக்காவிலிருந்து ஒன்று சொல்லலாம். 1994 செப்டம்பர் 16 அன்று ஜிம்பாப்வேயின் ருவா என்ற இடத்தில், ஏரியல் பள்ளியின் 60க்கும் மேற்பட்ட குழந்தைகள், மைதானத்துக்கு அப்பால் வெள்ளிநிறப் பொருள் ஒன்று இறங்கியதையும் கரிய சிறு உருவம் நின்றதையும் கண்டதாகக் கூறினார்கள். பலர் வேற்றுக்கிரகவாசி என்றார்கள். ஆப்பிரிக்கக் குழந்தைகளில் சிலர் தங்கள் பாட்டிமார் சொன்ன 'தொக்கொலோஷி' எனும் குட்டிப் பூதம் வந்துவிட்டது என்று அஞ்சி அழுதார்கள். இரண்டு நாள் முன்னதாக, செப்டம்பர் 14 இரவு, ரஷ்ய ஏவூர்தி ஒன்றின் பாகம் வளிமண்டலத்தில் எரிந்து விழுந்ததைத் ஆப்பிரிக்காவின் தென்பகுதி முழுவதும் பார்த்திருந்தது. எங்கும் அதே பேச்சாக இருந்தது என்பதையும் நீங்கள் உங்கள் குறிப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: இவ்வளவு ஒற்றுமை காட்டிய பிறகும் 'பாதி சரி' என்கிறீர்கள். மீதிப் பாதியில் எங்கே வேறுபடுகிறீர்கள்?
– வாசகர், புதுச்சேரி

பதில்: வேற்றுக்கிரகவாசிக்கு முகவரி கிடையாது, எங்காந்தோவுக்கு உண்டு. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், ஆனால் இதற்குள் நிறைய இருக்கிறது.

தட்டில் வருகிறவர் எந்தச் சாலையிலும் இறங்கலாம். விஸ்கான்சினும் பிரேசிலும் அவருக்கு ஒன்றே. அவருக்கு நாம் செய்த குற்றம் ஒன்றும் இல்லை. நாம் அவருக்கு ஆய்வுப் பொருள். எங்காந்தோவோ இந்த மரத்தில், இந்த ஊற்றில், இந்த ஆற்று முகத்தில் நமக்கு முன்பிருந்தே குடியிருப்பவர். பானாய் தீவில் இப்படிப்பட்ட இடங்களை 'மரியித்' என்பார்கள். அத்தீவின் அந்தீக்கே மாகாணத்து 'மா-ஆராம்'களை, அதாவது அறிந்தவர்கள் எனப்படும் பூசாரி மருத்துவர்களை, ஆராய்ந்த மானுடவியலாளர் அலிசியா மாகோஸ் இவ்விடங்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அங்கே மரம் வெட்டவும் மீன் பிடிக்கவும் வீடு கட்டவும் முதலில் கேட்க வேண்டும், படையல் வைக்க வேண்டும், எடுத்தது அளவோடு இருக்க வேண்டும். நோய் வருவது அத்துமீறியதற்கான வழக்கு. தட்டுக் கதையில் அத்துமீறுபவர் வந்தவர். எங்காந்தோ கதையில் அத்துமீறுபவர் மனிதர். கதையின் எலும்புக்கூடு ஒன்றுதான், வாதியும் பிரதிவாதியும் இடம் மாறிவிட்டார்கள்.

சென்ற இதழில் எழுதிய மாகிலிங் மலைக்கே திரும்புகிறேன். மணிலாவுக்குத் தெற்கே லகூனா மாகாணத்தில் 1,090 மீட்டர் உயரத்தில் நிற்கும் அம்மலைக்கு உரியவள் மரியா மாகிலிங். அம்மலை அடிவாரத்துக் கலாம்பாவில் 1861இல் பிறந்த, பிலிப்பைன்ஸின் தேசிய வீரரும் எழுத்தாளருமான ஹொசே ரிசால், அவளைப் பற்றிய கதையை 1890 டிசம்பர் 31 தேதியிட்ட 'லா சொலிதாரிதாத்' இதழில் எழுதினார். ஏழை வீட்டுத் திருமணத்துக்கு அவள் ஆடையும் நகையும் இரவல் கொடுப்பாள். திருப்பித் தரும்போது பாலைப்போல் வெளுத்த, இன்னும் முட்டையிடாத ஒரு பெட்டைக்கோழியைச் சேர்த்துத் தர வேண்டும். வட்டி அவ்வளவே. பின்னாளில் அவள் யார் கண்ணிலும் படவில்லை. ஊரார் சொன்ன காரணங்களை ரிசால் பதிவு செய்திருக்கிறார்: வாங்கிய நகைகளைச் சிலர் திருப்பித் தரவில்லை என்பது ஒன்று, தொமினிக்கன் சபைத் துறவிகள் மலையில் பாதியைத் தமதாக்கிக்கொண்டது அவளுக்குப் பிடிக்கவில்லை என்பது மற்றொன்று. இதை அவர் எழுதிய காலத்தில், அதே சபைக்குச் சொந்தமான கலாம்பாப் பண்ணையிலிருந்து அவருடைய சொந்தக் குடும்பமும் மற்றக் குத்தகைக்காரர்களும் வெளியேற்றப்பட்டுக் கொண்டிருந்தார்கள். மரியா மாகிலிங்கை வேறு கோளிலிருந்து வந்தவள் என்று ஒரே வரியில் விளக்கிவிட்டால், இந்த நில வழக்கு முழுவதும் காணாமல் போய்விடும். அதை இழக்க எனக்கு மனமில்லை.

கேள்வி: அடுத்த மாதம் மணிலாவுக்கும் வடக்கே இலோகோஸ் பகுதிக்கும் சுற்றுலா போகிறோம். நாங்களும் 'தாபி-தாபி போ' சொல்ல வேண்டுமா?
– குடும்பத் தலைவி, ஈரோடு

பதில்: சொல்லுங்கள், அம்மா, உள்ளூர்க்காரர்கள் மகிழ்வார்கள். கடைசியில் வரும் 'போ'வை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் சொன்னால் "தள்ளு, தள்ளு" என்று ஆகிவிடும். இலோகோஸ் பகுதியில் மொழி வேறு, ஆகவே அங்கே 'பாரி-பாரி, அப்போ' என்று சொல்ல வேண்டும். 'அப்போ' என்பது பெரியவரை விளிக்கும் சொல். குழந்தைகள் புற்றுமேட்டைக் கண்டால் குச்சியால் குத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிழவர் இல்லாவிட்டாலும் உள்ளே கரையான் இருக்கும்.